கசிவோடு போராடிய டீசல்

லாரிக்கு டீசல் போட வேண்டும் என்கிறார் டிரைவர். பம்பு செட்டுக்கு டீசல் தீர்ந்துவிட்டது என்கிறார் விவசாயி. பஸ், டிராக்டர், ரெயில் எஞ்சின், கப்பல் என்று எங்கும் இந்தப் பெயர் அடிபடுகிறது.

டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் எஞ்சினீயரின் பெயர். அவர் கண்டுபிடித்த எஞ்சினுக்கு அவர் பெயர் வந்தது. பிறகு அந்த எஞ்சின் குடிக்கும் எண்ணெய்க்கும் அதே பெயர் வந்துவிட்டது.

வெப்பம் வீணாகக் கூடாது என்பதே டீசலின் லட்சியம். அதற்காக அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். உலகம் அதனால் பலன் அடைந்தது. ஆனால் அவர் கதை சோகத்தில் முடிந்தது.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

தள்ளுவண்டிச் சிறுவன்

1858-ம் வருஷம் மார்ச் மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரில் ருடால்ப் பிறந்தான். தந்தை தியோடர் டீசல், புத்தகம் பைண்டு செய்பவர். தோல் சாமான்களும் செய்து விற்று வந்தார். தாயார் எலிஸ். இருவரும் ஜெர்மனியிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள்.

வீட்டில் செல்வம் இல்லை. தந்தை செய்த தோல் சாமான்களைச் சிறுவன் ருடால்ப் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வாடிக்கைக்காரர்களிடம் கொடுத்து வருவான்.

ஓய்வு கிடைத்தால் அவன் விளையாடப் போகமாட்டான். பாரிசில் உள்ள யந்திரப் பொருட்காட்சி சாலைக்கு ஓடுவான். அங்கே உள்ள பழைய யந்திரங்களைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைவான்.

1870-ம் வருஷம் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. அங்கே சாப்பாட்டுக்கே கஷ்டம்.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் உறவினர் ஒருவர் இருந்தார். அவர் கணக்கு வாத்தியார். பையனை என்னிடம் அனுப்புங்கள், படிக்க வைக்கிறேன் என்று அவர் சொன்னார். 12 வயது ருடால்ப் பெற்றோரைப் பிரிந்து, தன்னந்தனியாகப் பிரயாணம் செய்து அந்த ஊர் போய்ச் சேர்ந்தான்.

அங்கே அவன் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. வகுப்பில் முதல் மாணவனாகத் தேறினான். 14 வயதிலேயே, எஞ்சினீயர் ஆகப்போகிறேன் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். 1875-ல் உதவிச் சம்பளம் கிடைத்தது. மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

ஒரு பாடம், ஒரு லட்சியம்

அந்தக் கல்லூரியில் கார்ல் லிண்டே என்ற பேராசிரியர் இருந்தார். ஐஸ் செய்யும் யந்திரத்தை அமைத்துப் புகழ் பெற்றவர் அவர்.

1878-ல் ஒரு நாள் லிண்டே நீராவி எஞ்சினைப் பற்றிப் பாடம் நடத்தினார். நிலக்கரியை எரித்தால் வெப்பம் வருகிறது. அந்த வெப்பத்தில் நூற்றில் 6 முதல் 10 பங்குதான் வேலையாக மாறுகிறது என்று அவர் விளக்கினார்.

மற்ற 90 பங்கு எங்கே போகிறது? புகையோடு போகிறது. ஆவியோடு போகிறது. எல்லாம் காற்றில் கலந்துவிடுகிறது.

நூறு ரூபாய்க்கு அரிசி வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்து ரூபாய் அரிசிதான் மூட்டையில் இருக்கிறது. மற்றதெல்லாம் வழியிலே சிந்திவிட்டது. வயிறு எரியுமா, எரியாதா?

வாலிபர் டீசலுக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த நஷ்டத்தைக் குறைக்க வழி உண்டா என்று யோசிக்க வேண்டும் என்பதாக அவர் தம் பாடக் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்தார். அந்த ஓரக் குறிப்புதான் அவருடைய வாழ்க்கையையே நிர்ணயித்துவிட்டது.

பரீட்சை சமயத்தில் டைபாய்டு ஜுரம் வந்து படுத்துவிட்டார். அடுத்த பரீட்சை வரும்வரை ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊருக்குப் போய், சுல்சர் சகோதரர்கள் தொழிற்சாலையில் கையால் வேலை பழகினார். (இந்த ஊரையும் தொழிற்சாலையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பகுதியில் மறுபடியும் வரும்.) 1880-ல் பரீட்சை எழுதி மிக உயர்ந்த மார்க்குகளோடு தேறினார்.

பிறகு பாரிசில் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்துகொண்டார். இரண்டு ஆண் குழந்தைகள், ஒரு பெண் குழந்தை. பகலெல்லாம் ஐஸ் வேலை. மற்ற நேரமெல்லாம் எஞ்சின் யோசனை. இப்படியே பத்து வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

சைக்கிள் பம்பில் உள்ள ரகசியம்

டீசல் கண்ட வழி என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடித்துப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். இது இயற்கை விதி.

இன்னும் பலமாக அழுத்தினால்? அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேலும் சூடேறும். அப்போது அதில் எண்ணெயைத் தூவினால், தீக்குச்சி இல்லாமலே, மின்சாரப் பொறி இல்லாமலே, எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும். எஞ்சின் ஓடும்.

எவ்வளவு அதிகமாக அழுத்தி எவ்வளவு அதிகமாக விரிய விடுகிறோமோ, அவ்வளவு அதிக வெப்பம் வேலையாக மாறும். வீண் குறையும். இதுதான் டீசலின் திட்டம்.

1892-ல் இதற்குப் பேடண்டு கேட்டு மனுப் போட்டார். 1893-ல் கிடைத்தது. அதே வருஷம் தம் திட்டத்தை ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். நடக்காத காரியம் என்று பல நிபுணர்கள் தலையை ஆட்டினார்கள். ஆனால் ஆக்ஸ்பர்க் யந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூஸ் நம்பினார். குரூப் என்ற பெரிய இரும்புக் கம்பெனியும் பணம் தர முன்வந்தது.

எதிரியின் பெயர் கசிவு

1893-ம் வருஷக் கோடையில் முதல் எஞ்சின் தயாராயிற்று. ஒரே சிலிண்டர். ஆள் உயரத்தைவிடப் பெரிய யந்திரம்.

சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அழுத்தம் ஏறவில்லை!

காரணம் கசிவு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்று நழுவியது. வால்வு இடுக்குகளில் நழுவியது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான். ஆனால் அழுத்தத்தில் இருக்கும் காற்றுக்கு அது போதும். காற்று கசிந்தால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாவிட்டால் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் எண்ணெய் பற்றாது.

இடுக்குகளை அடைத்து ஓரளவு சரி செய்தார்கள். ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி எண்ணெயைத் தூவினார்கள். பயங்கரச் சத்தம்! அழுத்தத்தைக் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. அதன் துண்டுகள் டீசலின் தலைக்கு அருகே பறந்தன. நல்ல வேளை, யாருக்கும் ஆபத்தில்லை.

மற்றவராக இருந்தால் ஓடியிருப்பார். டீசலோ சந்தோஷப்பட்டார். மருந்தில்லாமல், பொறியில்லாமல், அழுத்திய காற்றில் எண்ணெய் பற்றும் என்பது நிச்சயமாகிவிட்டதல்லவா?

மறுபடியும் வரைபடத்தில் உட்கார்ந்தார். பிஸ்டனைத் திருத்தினார். வால்வுகளைத் திருத்தினார். எண்ணெய் தூவும் முறையை மாற்றினார்.

1894-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி. தொழிற்சாலையின் பொது யந்திரத்தோடு பெல்ட் போட்டு எஞ்சினைச் சுற்றவிட்டிருந்தார்கள். பெல்ட்டைக் கவனித்துக்கொண்டிருந்த தொழிலாளி திடீரென்று ஒன்றைக் கண்டார். இதுவரை பெல்ட் எஞ்சினை இழுத்தது. இப்போது எஞ்சின் பெல்ட்டை இழுக்கிறது! எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது!

அந்தத் தொழிலாளி ஒன்றும் பேசவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி வணக்கம் செலுத்தினார். டீசல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எஞ்சின் ஓடியது ஒரே ஒரு நிமிஷம். நிமிஷத்துக்கு 88 சுற்று. ஆனால் அந்த ஒரு நிமிஷம் உலக சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது.

வெற்றி நாள்

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் பாடுபட்டார். 1897-ம் வருஷம், அதே பிப்ரவரி 17-ந் தேதி, மியூனிக் கல்லூரிப் பேராசிரியர் ஷ்ரோட்டர் புதிய எஞ்சினைப் பரிசோதித்தார்.

எஞ்சினின் சக்தி சுமார் 18 குதிரை சக்தி. எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. லிண்டே பாடத்தில் சொன்ன 6 முதல் 10 பங்கு எங்கே? 26 பங்கு எங்கே? அந்தக் காலத்தில் எந்த எஞ்சினும் எட்டாத கணக்கு அது. அந்த எஞ்சின் மியூனிக் நகர ஜெர்மன் பொருட்காட்சி சாலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

செய்தி உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவில் எஞ்சின் செய்யும் உரிமையை மட்டும் அடால்பஸ் புஷ் என்ற செல்வர் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். தள்ளுவண்டி தள்ளிய பையன் 40 வயதுக்குள் லட்சாதிபதி ஆகிவிட்டார்.

ஆனால் டீசலுக்குத் திருப்தி இல்லை. 26 போனால் மீதி 74 பங்கு? அதில் ஒரு பகுதி எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரில் போயிற்று. மற்றொரு பெரும் பகுதி புகைக் குழாய் வழியாகப் போயிற்று. அந்தப் புகை சும்மா வரவில்லை. கொதிக்கும் சூட்டோடும் வேகத்தோடும் வந்தது.

அதையும் பிடித்து வேலை வாங்க டீசல் முயன்றார். சிலிண்டரை விட்டு வரும் வாயுவை வேறொரு பெரிய சிலிண்டரில் செலுத்தி மறுபடியும் விரிய வைத்துப் பார்த்தார். வாயு போகும் வழியிலேயே வெப்பம் ஓடிவிட்டது. எஞ்சினுக்குள் அதிகப்படிக் காற்றை அமுக்கித் திணித்தும் பார்த்தார். அதுவும் லாபமாக இல்லை. இரண்டு யோசனைகளையும் கைவிட்டார்.

யோசனைகள் தவறானவை அல்ல. அவற்றுக்குக் காலம் வரவில்லை, அவ்வளவுதான்.

தொல்லைகள்

1898-ல் கெம்ப்டன் என்ற ஊரில் உள்ள தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஒரு டீசல் எஞ்சின் விற்பனையாயிற்று. சோதனைச் சாலையில் ஒழுங்காக ஓடிய எஞ்சின், தொழிற்சாலையில் அடிக்கடி நின்றது. வேறு இடங்களிலிருந்தும் புகார்கள் வந்தன. சில எஞ்சின்கள் திரும்பி வந்தன. கூடவே பேடண்டு வழக்குகள் வேறு.

டீசலின் உடல் நலம் கெட்டது. தீராத தலைவலி. தூக்கமில்லை. நரம்புத் தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதாயிற்று.

எஞ்சின் மட்டும் மெல்ல மெல்லத் திருந்தியது. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு முதல் பரிசு கிடைத்தது. அங்கே ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள்! விவசாயிகள் தாங்கள் விளைவித்த எண்ணெயாலேயே எஞ்சின் ஓட்டும் காலம் வரலாம் என்று டீசல் பின்னாளில் எழுதினார்.

1912-ல் டென்மார்க் நாட்டின் செலாண்டியா என்ற கப்பல் டீசல் எஞ்சினால் கடல் கடந்து பாங்காக் வரை போயிற்று. அதற்குப் பெரிய புகைபோக்கியே கிடையாது. எஞ்சின் புகை பாய்மரத் தூண் வழியாக வெளியே போயிற்று. புகைபோக்கி இல்லாத கப்பலைத் துறைமுகங்களில் ஜனங்கள் கூடிநின்று வேடிக்கை பார்த்தார்கள்.

லாரிக்கு ஏற்ற சிறிய எஞ்சின் ஒன்றைச் செய்யவும் டீசல் ஆசைப்பட்டார். முயன்றும் பார்த்தார். அது அவர் காலத்தில் கைகூடவில்லை.

அவர் கவனிக்காத கசிவு

எஞ்சினில் மயிரிழைக் கசிவையும் கண்டுபிடித்த டீசல், தம் பணப் பெட்டியில் ஏற்பட்ட கசிவைக் கவனிக்கவில்லை.

மியூனிக்கில் பெரிய மாளிகை கட்டினார். எண்ணெய்க் கிணறுகளில் பணம் போட்டார். வீட்டு மனைகளில் பணம் போட்டார். எல்லாம் நஷ்டம். வட்டி ஏறியது. கடன் ஏறியது. வெளியே பார்ப்பவர்களுக்கு அவர் பெரிய செல்வர். உள்ளே ஒன்றும் இல்லை. இதை அவர் குடும்பத்தாரிடம்கூட மனம் விட்டுச் சொல்லவில்லை.

1913-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி மாலை. இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்காக டீசல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். கூட இரண்டு நண்பர்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். மேல்தளத்தில் உலாவினார்கள். இரவு 10 மணி சுமாருக்கு டீசல் தம் அறைக்குப் போனார். காலை 6-15 மணிக்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. உள்ளே ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. மேல்தளத்தில் அவருடைய தொப்பியும் கோட்டும் மட்டும் கிடைத்தன.

அக்டோபர் 10-ந் தேதி ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. பையிலிருந்த சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தச் சாமான்கள் தந்தையுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார்.

விபத்தா? தாமே உயிரை மாய்த்துக்கொண்டாரா? வேறு யாராவது தள்ளினார்களா? இந்தக் கேள்விகளுக்கு முடிவான விடை கிடைக்கவில்லை. கணக்கைப் பார்த்தபோது, கஜானா காலி என்பது மட்டும் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 55.

புகையைப் பிடித்தவர்

டீசல் மறைந்தார். ஆனால் அவர் கைவிட்ட யோசனைகள் மறையவில்லை.

டீசல் வாலிப வயதில் வேலை பழகிய விண்டர்தூர் ஊர் நினைவிருக்கிறதா? அந்த ஊரில் 1879-ல் பிறந்தவர் ஆல்பிரட் பூக்கி. டீசல் வேலை பழகிய அதே சுல்சர் தொழிற்சாலையில் பின்னாளில் வேலை பார்த்தவர்.

புகைக் குழாய் வழியாக ஓடும் சக்தியைப் பூக்கி வேறு விதமாகப் பிடித்தார். அந்த வழியில் சிறிய காற்றாடிச் சக்கரம் ஒன்றை வைத்தார். புகை அதைச் சுழற்றும். அதே அச்சின் மறு முனையில் மற்றொரு சக்கரம். அது வெளிக் காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் அதிக எண்ணெயைச் சுத்தமாக எரிக்கலாம். சக்தி பெருகும். வீணாகப் போன புகையே எஞ்சினுக்கு வேலைக்காரன் ஆகிவிட்டது!

இதற்குப் பூக்கி 1905-லேயே பேடண்டு கேட்டார். சரியாக அமைய 20 வருஷம் ஆயிற்று. 1920-களில் ஜெர்மனியின் இரண்டு கப்பல்களில் இதைப் பொருத்தினார்கள். 1,750 குதிரை சக்தி தந்த எஞ்சின் 2,500 குதிரை சக்தி தந்தது. 1938-ல் ஸ்விட்சர்லாந்தின் சாரர் கம்பெனி லாரிகளுக்கும் இதைக் கொண்டுவந்தது. பிறகு கார்களுக்கும் வந்தது. அமெரிக்காவில் டாட்ஜ் கம்பெனியின் 1989-ம் வருஷ மாடல் பிக்கப் வண்டிகளில் கம்மின்ஸ் டர்போ டீசல் எஞ்சின் வந்தது. டர்போ என்று பட்டறைகளில் சொல்கிறார்களே, அது பூக்கியின் இந்தச் சக்கரம்தான். சிறிய வண்டிகளில் அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும்.

பட்டறையில் அதே போராட்டம்

டீசலின் பழைய எதிரி கசிவு இங்கேயும் வந்துவிடுகிறது.

எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் வார்ப்பிரும்புக் குழாய்க்கு மேனிபோல்டு என்று பெயர். எஞ்சினோடு அதைச் சேர்க்கும் இடத்தில் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு இருக்கும். ஓடும்போது இந்தக் குழாய் பழுக்கக் காய்ந்து விரிகிறது. நின்றபின் சுருங்குகிறது. பல ஆயிரம் தடவை விரிந்து சுருங்கினால் குழாய் கோணுகிறது. பெரும்பாலும் ஓரத்து போல்ட்டுகள் முதலில் முறிகின்றன. கேஸ்கட் கருகுகிறது. அந்த இடுக்கில் புகை கசிகிறது.

டர்போ சக்கரத்தைச் சுற்ற வேண்டிய புகை வழியிலேயே ஓடிவிட்டால் சக்கரம் மந்தமாகும். எஞ்சினுக்குக் காற்று குறையும். ஊற்றிய எண்ணெய் முழுதும் எரியாது. கரும்புகை வரும். மேட்டில் வண்டி திணறும். எண்ணெய்ச் செலவு ஏறும். சிறு இடுக்கு, பெரிய நஷ்டம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் டிக், டிக் என்று சத்தம் கேட்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறையும். மூட்டுகளின் ஓரத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கும். சந்தேகமானால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைக் குழாயில் மெதுவாகக் காற்றைச் செலுத்தி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். கசியும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஓடும் எஞ்சினில் கையை வைத்துத் தேடுவது கூடாது. கை வெந்துவிடும்.

பழுது பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறவேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் உள்ளேயே முறிந்துவிடும். அதை எடுப்பது பெரும்பாடு. குழாயைக் கழற்றியதும் நேரான இரும்புச் சட்டத்தை அதன் முகத்தில் வைத்துக் கோணல் பார்க்க வேண்டும். கோணியிருந்தால் மிஷினில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். வெடித்திருந்தால் புதிதுதான் போடவேண்டும். இரண்டு முகங்களிலும் பழைய கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கட் வைக்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். அதற்கென்று அளவு காட்டும் ஸ்பானர் உண்டு. பசையைப் பூசி அடைப்பது நாலு நாளைக்குத்தான் தாங்கும்.

பண நஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கசியும் புகை டிரைவர் உட்காரும் இடத்துக்குள் வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை. வாசனையில்லை. வண்டிக்குள் புகை நாற்றம் வந்து தலைவலியும் மயக்கமும் தோன்றினால் உடனே வண்டியை நிறுத்தி வெளியே வரவேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது.

ருடால்ப் டீசலுக்கு ஆசைப்பட்ட லாரி எஞ்சினைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. அவர் மறைந்து பத்து வருஷங்களுக்குப் பிறகுதான் டீசல் லாரிகள் ஜெர்மன் வீதிகளில் ஓட ஆரம்பித்தன. ஒரு மாணவர் பாடக் குறிப்பின் ஓரத்தில் எழுதிய நாலு வார்த்தையின் பலன், கப்பலாகவும் ரெயிலாகவும் லாரியாகவும் இன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டறையில் கை நிறையக் கரியோடு ஒரு மெக்கானிக் புகைக் குழாய் மூட்டைத் துடைத்துப் புதுக் கேஸ்கட் வைத்து இறுக்குகிறாரே, அவர் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் டீசல் செய்த அதே வேலையைத்தான் செய்கிறார். வேலை முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேட்கிறார். டிக், டிக் சத்தம் இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போகிறார்.